அவள் கோடிட்ட சொற்கள்

சென்ற வாரம் கதவைத் திறந்ததோடு நிறுத்தியிருந்தேன். வாசலில் நின்றது என் மச்சினி. மனைவியின் தங்கை. பதினொரு வருடம் அக்காவோடு பேசாமல் இருந்தவள். அக்காவின் இறப்புக்கு வந்தபோதும் என்னிடம் அவள் பேசியது இரண்டே வார்த்தை. "எத்தனை மணிக்கு?" என்றாள். சொன்னேன். அவ்வளவுதான்.

முந்தைய வாரங்களை விட்டவர்களுக்காக நாலு வரி. என் மனைவி பத்தொன்பது வருடம் பிரெஞ்சு நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பிரெஞ்சு எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆங்கிலத்தில் தட்டச்சு வேகமாக வரும். மாலையில் அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். எட்டு மாதத்துக்கு முன், கையிலிருந்த நாவலில் மூன்றில் ஒரு பங்கு முடியாமல் கிடக்கும்போதே போய்விட்டாள். பதிப்பாளரிடம், "முடித்துவிட்டுத்தான் போனாள்" என்றேன். அது பொய். முடித்தவன் நான்.

அந்தப் புத்தகம் அன்று, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கு அச்சுக்குப் போக இருந்தது.

"உள்ள வரலாமா, இல்ல இங்கயே நின்னு பேசிட்டுப் போயிடவா?" என்றாள் மச்சினி.

"வாம்மா. இது என்ன கேள்வி?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தோள் பையிலிருந்து கற்றைத் தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பார்த்ததும் தெரிந்தது. அச்சுக்குப் போகும் பக்கங்களின் நகல். என்னிடம் ஒன்று இருந்தது. பதிப்பாளரிடம் ஒன்று. மூன்றாவது எப்படி முளைத்தது?

திரும்பிப் பார்த்தேன். என் மகள் பல்விளக்கும் தூரிகையோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். அவளை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். இருபத்துநாலு வயது, என்னைவிட இரண்டு அங்குலம் உயரம், பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஆனாலும் பொடிசுதான்.

"நீயா அனுப்புன?"

வாயில் நுரை இருந்ததால் பதில் சொல்லத் தேவையில்லை என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவள ஏன் முறைக்கிறீங்க, அத்தான்? பிள்ளைக்காவது சந்தேகம் வந்துச்சே" என்றாள் மச்சினி. "இது அக்கா இங்கிலீஷ் இல்ல."

"அவளே எழுதினது. ஒவ்வொரு வார்த்தையும் அவ கைப்பட எழுதினது."

"வார்த்தை அவளோடதா இருக்கலாம். ஆனா அவ இல்ல இது."

எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடம் எட்டிப் பார்க்காதவள், இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவனிடம் வந்து, இது அவள் இல்லை என்கிறாள்.

"அவ எப்படி எழுதுவான்னு நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்மா."

"சரி, சொல்லித் தரல. கேக்குறேன். இங்க பாருங்க."

ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தாள். கதையில் ஒரு தையல்காரி. அவள் புருஷன் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். அதன்பிறகு நினைவு சரியாக நிற்பதில்லை. செத்துப்போன தம்பி சாயங்காலம் வருவான் என்று தினமும் சொல்கிறான். அவள் திருத்துவதில்லை. தட்டு ஒன்று கூடுதலாக எடுத்து வைக்கிறாள். அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர் போட்டிருக்கும் சொல் 'மெனாஜே'.

"ஒரு பொருள் நோகாம, உடையாம, பாத்துப் பாத்துப் புழங்குறோம்ல? சுளுக்குன கால ஊனாம நடக்குறோம்ல? மனுஷங்கிட்ட அப்படி நடந்துக்கிட்டா அதுக்குப் பேரு மெனாஜே" என்றாள் மச்சினி. "இங்கிலீஷ்ல இதுக்கு நேரா ஒத்த வார்த்தை கெடையாது. நீங்க அடிச்சிருக்கிறது 'ஹ்யூமர்'. அப்படின்னா என்ன தெரியுமா? கிறுக்கனுக்கு ஆமா சாமி போடுறது. அந்தப் பொம்பள புருஷன உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு ஏமாத்துற மாதிரி இருக்கு. நூத்தி முப்பதாம் பக்கத்துல இருந்து அவ வேற ஆளாயிட்டா. கல் நெஞ்சுக்காரி ஆயிட்டா."

"அது அவ எடுத்த வார்த்தை."

"காட்டுங்க."

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தேன். குளிர்காலச் செருப்பு வந்த அட்டைப் பெட்டி. கடைசிப் பகுதியை அவள் வேகவேகமாக எழுதியிருந்தாள், நேரம் இல்லை என்று தெரிந்தவள்போல. தீர்மானிக்க முடியாத சொல் வந்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டு ஓர் எண் போட்டிருந்தாள். அதே எண்ணில் பெட்டியில் ஒரு சீட்டு. சீட்டின் தலையில் பிரெஞ்சுச் சொல். அதன்கீழ் மூன்று நாலு ஆங்கிலச் சொற்கள். சிலவற்றின் அடியில் கோடு. மூலையில் தேதி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்.

முன்பெல்லாம் இந்தச் சீட்டுகளை நான் பார்த்ததே கிடையாது. அவள் பார்த்து முடிவெடுத்த பிறகு வாயால் சொல்வாள், நான் அடிப்பேன். சமைத்ததைச் சாப்பிடுகிறவனுக்கு அடுப்படி தெரியாததுபோல.

மச்சினி முதல் சீட்டை எடுத்தாள். இரண்டாவதை எடுத்தாள். பத்து சீட்டு பார்த்திருப்பாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இதுல நீங்க எத எடுத்தீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"கோடு போட்டத."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும். ரெண்டு கோடு இருந்தா கீழ இருக்குறத. மனசு மாறி இருப்பான்னு."

மச்சினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தான், பிரெஞ்சு படிக்கும்போது எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அகராதி, ஒரே நோட்டு. அப்பவே பழகுன பழக்கம் இது. வேண்டாத வார்த்தைய அடிக்க மாட்டோம். அடிச்சுட்டா நாளைக்கு வேற எடத்துல தேவைப்படும்போது வாசிக்க முடியாது. அதனால கால்மாட்டுல ஒரு கோடு போடுவோம். இந்தக் கோட்டத் தாண்டி உள்ள வராத, அங்கயே நில்லுன்னு. கோடு போட்டது வேண்டாம்னு ஒதுக்குனது. கோடு இல்லாம நிக்குதே ஒண்ணு, அதுதான் அவ எடுத்தது."

பொடிசு வாயைக் கொப்பளிக்காமலே வந்து நின்றிருந்தாள்.

எங்கள் தொழிலில் லென்ஸை வெட்டுமுன் அதன் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்து, குறுக்கே ஒரு கோடு போடுவோம். கோடு விழுந்த இடம்தான் நிலை. மற்றதெல்லாம் தேய்ந்து தூளாகத் தண்ணீரில் போகும். முப்பது வருடம் கோட்டை நம்பியே சோறு தின்றவன் நான். கோடு போட்டது வேண்டாதது என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் கோடில்லாமல் ஒரே ஒரு சொல் நின்றிருந்தது. அது ஏன் நிற்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் ஒதுக்கிய ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிப் பொறுக்கி, இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் அவள் பெயரால் உட்கார வைத்திருந்தேன்.

"மணி என்ன?" என்றேன்.

"பத்தேகால்" என்றாள் பொடிசு.

"போன் போட்டு நிறுத்தச் சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்கப்பா? பின் அட்டையில என்ன போட்டிருக்கு தெரியும்ல? 'இறுதி நாட்களில் தன் கையாலேயே முடித்துத் தந்தார்'னு. நீங்க எழுதிக் குடுத்த வரி அது."

"தெரியும்."

"அப்ப போன் வேண்டாம்பா. நேர்ல போவோம்."

*

பதிப்பாளரின் அலுவலகம் ஒரு பூட்டுக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. கீழே சாவி அறுக்கும் சத்தம் மேலே பேசுகிறவர்களின் பல்லைக் கூசவைக்கும். படியேறும்போது மச்சினி எனக்கு முன்னால் போனாள். இரண்டாம் மாடியில் நின்று திரும்பினாள்.

"ஏன் பொய் சொன்னீங்க? முடிக்கலன்னு சொல்லியிருந்தா அவங்க வேற யாரையாவது வச்சு முடிச்சிருப்பாங்க."

"அதுக்குத்தான்."

"எதுக்கு?"

"வேற யாரும் அவ எழுத்துல கை வைக்கக்கூடாதுன்னு."

மச்சினி மறுபடி படியேறினாள். எனக்கே என் பதில் காதில் விழுந்தது. யாருடைய கையும் படாமல் காப்பாற்றி, நானே உடைத்து வைத்திருந்தேன்.

பதிப்பாளர் அறுபதைத் தாண்டியவர். அதட்டாமலே அதட்டத் தெரிந்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பொய்யை முதலில் ஒப்புக்கொண்டேன். கோட்டுச் சமாசாரத்தை அடுத்துச் சொன்னேன். முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடிதானே?"

"ஆமாங்க."

"எட்டு மாசமா இதப் போட்டுக்கிட்டுத்தான் உங்க மூஞ்சியப் பாத்தேன். பக்கங்களையும் பாத்தேன். ஒண்ணும் தெரியல. பவர் மாத்தணும் போல."

யாரும் சிரிக்கவில்லை.

"கடைசிப் பகுதி கொஞ்சம் எடக்கா இருக்கேன்னு தோணுச்சு" என்றார் அவரே. "வலியில எழுதியிருக்கா, கை வைக்க வேண்டாம்னு விட்டுட்டேன். பாவம்னு விட்டேன். அவளுக்கு நான் செஞ்ச மரியாதை பாருங்க."

அப்போதுதான் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன். கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அச்சகத்துக்குப் பேசினார். பேச்சு நீண்டது. திங்கள் காலை ஒன்பது மணி. அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது. அன்றைக்கும் பக்கங்கள் வராவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை. பின் அட்டையில் அந்த வரி எடுக்கப்படும். பதிலுக்கு உண்மை போகும்.

"உண்மைன்னா பேரு போடணும்" என்றார். மச்சினியைப் பார்த்தார். "உங்களுக்குப் பிரெஞ்சு தெரியும்ல? நீங்கதான சரி பண்ணப் போறீங்க? உங்க பேரு?"

இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவும் தங்கையும் பேசாமல் போனதே ஒரு பெயரால்தான். ஒரு புத்தகத்தை இருவரும் சேர்ந்து செய்தார்கள். அட்டையில் ஒருத்தி பெயர் மட்டும் வந்தது. யார் தவறு என்பதை மூன்று வாரம் முன்பே எழுதிவிட்டேன். திரும்பச் சொல்ல மனமில்லை.

"என் பேரு வேண்டாம்" என்றாள் மச்சினி.

"ஏம்மா?"

"நான் புதுசா எதுவும் எழுதப் போறதில்ல. அவ எடுத்து வச்சத எடுத்துக் குடுக்கப் போறேன். அவ்வளவுதான்."

கீழே சாவி அறுக்கும் எந்திரம் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. பதிப்பாளர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "அப்ப கெளம்புங்க. இங்க என்ன வேடிக்கை?" என்றார்.

*

பதினொன்றரைக்கு வீட்டில் உட்கார்ந்தோம். பொடிசு மருத்துவமனைக்கு விடுப்புச் சொன்னாள். பெட்டி அவள் மடியில். எண்ணைச் சொல்லிச் சீட்டை எடுத்துக் கொடுப்பாள். மச்சினி பிரெஞ்சு வாக்கியத்தை வாசிப்பாள். கோடில்லாத சொல்லைச் சொல்வாள். நான் அடிப்பேன்.

முதல் ஒரு மணி நேரம் சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. மச்சினி பிரெஞ்சு வாசிக்கும் குரல் அவள் அக்காவின் குரல். தமிழில் பேசும்போது அப்படி இல்லை. பிரெஞ்சில் மட்டும். அந்த மூச்சு, சொல்லின் கடைசியில் அந்தச் சின்ன இழுப்பு. விசைப்பலகையைப் பார்த்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் ஆள் மாறிவிடும்.

"அறுபத்திமூணு" என்றாள் பொடிசு.

"துஸேர்" என்றாள் மச்சினி. "இனிப்புக்கும் இதுதான், மெத்தைக்கும் இதுதான், வெயில் சுடாத நாளுக்கும் இதுதான், நல்ல குணத்துக்கும் இதுதான். அக்கா ஸ்வீட்னஸ கோடு போட்டு ஒதுக்கிட்டா. 'மைல்ட்னஸ்' வச்சிருக்கா. ம்ம். சரிதான். அந்தப் புருஷன் இனிப்பானவன் இல்ல. சுடாதவன்."

"நான் ஸ்வீட்னஸ் போட்டிருந்தேன்."

"உங்களுக்கு எப்பவும் சர்க்கர கொஞ்சம் கூடத்தான வேணும்."

பொடிசு பக்கென்று சிரித்தாள். மச்சினியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இதையே இதே மேசையில் இன்னொருத்தி சொல்லியிருப்பாள்.

மெனாஜே வந்தபோது மச்சினி சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'ஸ்பேர்', நோகவிடாமல் விட்டுவைப்பது, கோடிட்டு. 'ஹ்யூமர்' கோடிட்டு. நடுவில் கோடின்றி, 'கோ ஜென்ட்லி வித்'. அவனோடு மெதுவாக, நோகாமல் போவது.

அடித்தேன். தையல்காரி அந்த வரியில் மறுபடி தையல்காரி ஆனாள். பிரெஞ்சு தெரியாத எனக்கே தெரிந்தது.

"உங்ககிட்டயும் அவ இப்படித்தான் நடந்துக்கிட்டா" என்றாள் மச்சினி, அடுத்த சீட்டைப் பார்த்தபடி. "பொடிசு சொன்னா. டாக்டர் மூணு மாசம்னு சொன்னத உங்ககிட்ட ஆறு மாசம்னு சொன்னாளாமே."

பொடிசு தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு அது தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை பகல் ஒன்றே முக்கால் மணிவரை தெரியாது.

"அடுத்தது" என்றேன்.

பொடிசு சீட்டை எடுத்து, "எழுபத்தொம்பது" என்றாள்.

வெளிச்சம் மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது. நடுவில் பொடிசு எதையோ சூடாக்கிக் கொண்டுவந்தாள், தின்றோம். வேகம் பிடித்துவிட்டது. திங்கள்வரை தேவைப்படாது என்று தோன்றியது. ஐந்தரை மணிக்கு இருநூறைத் தாண்டினோம்.

"இருநூத்திப் பன்னெண்டு. கடைசி" என்றாள் பொடிசு.

மச்சினி வாக்கியத்தை வாசித்தாள். நாவலின் கடைசிப் பக்கம். இப்போது படுத்திருப்பது தையல்காரி. எல்லாவற்றையும் மறந்துவிடும் புருஷன், யார் இவள் என்பதே பாதி மறந்த நிலையில், அவள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கே 'வெய்யே' என்று ஒரு சொல்.

"தூங்காம பக்கத்துலயே இருக்குறது" என்றாள் மச்சினி. "நோயாளி பக்கத்துல. பிள்ளைத்தொட்டில் பக்கத்துல. போனவங்க பக்கத்துலயும்." சீட்டை வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சித்தி?"

"எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கா."

எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஐந்து சொற்கள், மனைவியின் எழுத்தில். ஐந்தின் அடியிலும் கோடு. கடைசிக் கோடு நேராக இல்லை, கை நடுங்கியிருக்கிறது. இந்த ஒரு சீட்டில் மட்டும், முன்பு நான் செய்த வேலையில், எல்லாமே பொருந்தும் என்று நினைத்துக் ஐந்தில் கடைசிச் சொல்லைப் போட்டிருந்தேன்.

"அப்ப எதுவும் வேண்டாம்னு விட்டுட்டாளா?" என்றாள் பொடிசு.

"இல்ல. கீழ பாரு."

சீட்டின் அடி ஓரத்தில், ஐந்துக்கும் கீழே, ஆறாவதாக ஒரு சொல். பென்சிலில். சின்ன எழுத்து, இடப்பக்கம் சாய்ந்து. 'ஸ்டேய்ட்'. போகாமல் இருந்தான். அதன் கீழே கோடு இல்லை.

"ரொம்பச் சாதாரண வார்த்தை" என்றாள் மச்சினி மெதுவாக. "முழிச்சிருந்தத சொல்லல, காவல் காத்தத சொல்லல. போகலன்னு மட்டும் சொல்லுது. ஆனா இந்த எடத்துல இதுக்கு மேல எதுவும் நிக்காது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "இது அக்கா எழுத்து இல்லையே. உங்களோடதா?"

"இல்ல."

பொடிசைப் பார்த்தோம். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "என் எழுத்த உங்களுக்குத் தெரியாதா? கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

மூலையில் தேதி இருந்தது. பொடிசு கைபேசியில் நாள்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பின்னுக்குப் போனாள். ஒரு புதன்கிழமை. மனைவி போவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

அந்தப் பன்னிரண்டில் கடைசிப் பத்து நாள் நான் கடைக்குப் போகவில்லை. அந்தப் புதன்கிழமை போயிருந்தேன். அதற்கு முந்தைய எல்லாப் புதன்கிழமைகளிலும் போயிருந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை. பொடிசும் வேலைக்குப் போய்விடுவாள். "நான் என்ன எழுந்து ஓடியா போயிடப் போறேன்? போய்ட்டு வாங்க" என்பாள் மனைவி. கட்டிலைவிட்டு இறங்க முடியாதவள். கதவைப் பூட்டாமல் சாத்தி வைக்கச் சொல்வாள். காற்று வரட்டும் என்பாள்.

பகலில் அவள் தனியாக இருந்தாள் என்றுதான் எட்டு மாதமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பே என்னைத் தின்றுகொண்டிருந்தது.

பிரெஞ்சு தெரிந்த ஒருவர். அவள் கட்டிலருகே சீட்டை வாங்கிப் பார்த்த ஒருவர். அவளே ஐந்தை ஒதுக்கிய இடத்தில் ஆறாவதை எழுதி, அதை அவளை ஏற்றுக்கொள்ள வைத்த ஒருவர்.

"அப்பா, இத விட்டுடலாம்" என்றாள் பொடிசு. "யாருன்னு தெரியாம யாரோ எழுதினத..."

"அத்தான், நீங்க சொல்லுங்க. வேணும்னா நான் வேற யோசிக்கிறேன்" என்றாள் மச்சினி.

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். திரையில் அந்த ஒரு இடம் மட்டும் வெற்றாக இருந்தது.

"கோடு போட்டிருக்காளா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்ப அவ எடுத்ததுதான்."

ஆறு எழுத்து. இடது கையால் ஐந்து, வலது கையால் ஒன்று என்று எதையாவது எண்ணிக்கொண்டு அடித்திருக்கலாம். நான் எண்ணவில்லை. அந்த மனிதர் போகாமல் இருந்தார் என்று அடித்து, முற்றுப்புள்ளி வைத்தேன்.